சோடா கம்பெனி டபுள் என்ட்ரி

சென்னைப் பட்டணத்தில் எது நடந்தாலும் நடந்ததில் பாதிதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது, மீதிப் பாதியை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, அந்த மீதியைத் தேடியே ஆயுளைக் கழித்த ஒரே மனிதர் எங்கள் டபுள் என்ட்ரி. இப்படிச் சொன்னதும் அவரை ஏதோ துப்பறியும் ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சோடா கம்பெனியில் கணக்கர்.

முப்பதுகளில் கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் அந்தக் கம்பெனி இருந்தது. பின்கட்டில் காஸ் மெஷின், நடுக்கட்டில் பாட்டில் கிடங்கு, முன்கட்டில் ஆபீஸ். முதலாளி ரஹீம் பாய். நான் கடிதக் குமாஸ்தா. சோடாவில் காஸ் போதவில்லை என்று வரும் புகாருக்கும், காஸ் அதிகமாகி மூக்கில் ஏறிவிட்டது என்று வரும் புகாருக்கும் ஒரே மாதிரி பதில் எழுதுவது என் உத்தியோகம். எனக்கு எதிர் மேஜையில் டபுள் என்ட்ரி உட்கார்ந்திருப்பார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் சாந்தோம் கோயில் பதிவில் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. தபால்காரர் கூட, "டபுள் என்ட்ரி சார், மணியார்டர்!" என்றுதான் வாசலில் நின்று கத்துவார். அவரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபம் வந்ததெல்லாம், ஒரு புதுத் தபால்காரர் வெறும் "என்ட்ரி சார்" என்று கூப்பிட்டபோதுதான்.

ஆளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டு காதிலும் பேனா செருகியிருப்பார். வலது காதில் சிவப்பு மைப் பேனா, இடது காதில் கறுப்பு மைப் பேனா. வருஷக்கணக்காக மை சொட்டிச் சொட்டி ஒரு காது செவ்வாழை நிறத்திலும் மற்றது நாவல்பழ நிறத்திலும் இருந்தது. அவருக்கு முடி வெட்டும் நாவிதர், இந்தக் காதுகளைத் தேய்த்துக் கழுவுவதற்குத் தனிக் கூலி கேட்டார். டபுள் என்ட்ரி மறுக்கவில்லை. வவுச்சர் மட்டும் கேட்டார். நாவிதர் அன்றிலிருந்து கழுவுவதையே விட்டுவிட்டார்.

அவருடைய வேதாந்தம் ரொம்ப எளிது. கொடுத்தவன் ஒருவன் இருந்தால் வாங்கினவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். வாங்கினவன் பேரில் பற்று எழுது, கொடுத்தவன் பேரில் வரவு எழுது, தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுக்குள் போவதற்கு முன்னால் ஒரு வழிமுறை இருந்தது. எது நடந்தாலும் முதலில் ஒரு வவுச்சர். துண்டுக் காகிதமாக இருந்தாலும் சரி, கையெழுத்து வேண்டும். வவுச்சரைப் பார்த்து ஜர்னலில் தேதி வாரியாக எழுதுவார். ஜர்னலிலிருந்து பேரேட்டுக்குப் போய் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். கடைசியில் எல்லாப் பக்கத்தையும் கூட்டி ஐந்தொகை எடுப்பார். பற்றுக் கூட்டலும் வரவுக் கூட்டலும் ஒன்றாக வந்துவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் வஞ்சிர மீன்.

இந்த வழிமுறையில் முதலாளிக்கும் விலக்கு இல்லை. ஒருநாள் ரஹீம் பாய் கல்லாவிலிருந்து ஓர் அணாவை எடுத்துக்கொண்டு வெற்றிலை வாங்கக் கிளம்பினார். டபுள் என்ட்ரி வாசலில் போய் மறித்தார்.

"பாய், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"இன்னாத்துக்கு?"

"கம்பெனி ஒரு அணா கொடுத்திருக்கு. நீங்க வாங்கியிருக்கீங்க."

"அரே! கம்பெனியே நம்மளுதுதானே?"

"கம்பெனி வேற ஆளு, நீங்க வேற ஆளு பாய். கணக்குன்னு வந்தா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் கிடையாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் டைப் மெஷினைப் பார்த்தேன். "நம்ம கம்பெனியிலே நம்மளே அசலூர்க்காரன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி தம் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியதாகவும், அவர் பேகம், "அந்த சாருக்கு ஏதாச்சும் சம்பளம் கூட்டிக் கொடுங்க" என்று சொன்னதாகவும் கேள்வி.

டபுள் என்ட்ரி ஆபீசோடு இதை நிறுத்தியிருந்தால் அவரை நான் இன்றைக்கு நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். லஸ் டிராமில் ஒருமுறை குடையைத் தொலைத்துவிட்டு வந்தார். நான் துக்கம் விசாரித்தேன்.

"வருத்தப்படறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நான் கொடுத்தேன். எவனோ வாங்கியிருக்கான். பேர் தெரியலை, அவ்வளவுதான். குடை எங்கேயும் போகலை" என்றார். முகத்தில் நிம்மதி இருந்தது.

அடுத்த மாதம் சாந்தோம் கடற்கரையில் காலை நனைக்கப் போனபோது அலை அவர் செருப்புகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குத்தான் ஆசாமி இடிந்து போனார். இருட்டும்வரை மணலில் உட்கார்ந்து கடலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ சார். கடல் பேர்ல பற்று எழுதிடுங்கோ. ஆத்துல தேடிண்டிருப்பா, எழுந்திருங்கோ" என்றேன்.

"எழுதலாம். விலாசம்?"

மறுநாள் காலை இடது செருப்பு மட்டும் கரையில் ஒதுங்கியது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்தார். "பார்த்தீங்களா? நாணயமான பார்ட்டி. பாதி செட்டில் பண்ணியாச்சு. மீதி வலது காலுக்குப் பாக்கி" என்றார். வலது செருப்பு கடைசிவரை வரவில்லை. ஆனால் அதன்பிறகு கடலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

அவர் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டால், பின்னால் நிற்கிறவர்கள் பேசாமல் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவார்களாம். பாவங்களைத் தேதி வாரியாகச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்றும் சொல்வார் என்பது சாந்தோம்காரர்கள் பரப்பிய செய்தி. நான் இதற்கு சாட்சி இல்லை. ஆனால் நம்புகிறேன்.

வீட்டில் அவர் மனைவி மரியம்மாள் இருபது வருஷமாகப் புளிக்கும் மிளகாய்க்கும் ரசீது கொடுத்து அலுத்துப்போய், ஒருநாள் எதிர்த் தாக்குதல் நடத்தினார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டி, "மீன் குழம்பு ஒரு கிண்ணம், வாங்கினவர் கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் குழம்பு" என்றாராம். வெட்கிப் போய்த் திருந்துவார் என்று அந்த அம்மாள் எதிர்பார்த்தார். மனிதர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையெழுத்தைப் போட்டு, தேதி போட்டு, மறுநாள் அந்த வவுச்சரை ஆபீசுக்குக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் காட்டினார். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பத்தாங்க மரியத்துக்குக் கணக்கு பிடிபட்டிருக்கு" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

வவுச்சர்கள் மேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா ஆபீசிலும் வவுச்சர்களை ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். எங்கள் ஆபீசில் அது கிடையாது. "வவுச்சருங்கிறது சாட்சி. சாட்சியைக் கம்பியால குத்துவாங்களா? ஓட்டை விழுந்த இடத்துல ஒரு எண் போயிடுச்சுன்னா யார் ஜவாப் சொல்றது?" என்பார். ஆகவே வாராவாரம் சனிக்கிழமை அந்த வாரத்து வவுச்சர்களைத் தேதிப்படி அடுக்கி, அலமாரியில் ஒரு கட்டாக வைப்பார். சாந்தோம் கடல் காற்று சும்மா விடாது. அதனால் நான் சொல்லவரும் வருஷம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கட்டின் மேலும் பாரத்துக்கு ஒரு கோலி சோடா பாட்டில் நிற்கும். கனமான கண்ணாடி, உள்ளே கோலி வேறு. அதைவிட நல்ல பாரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அலமாரி நிறைய வரிசை வரிசையாக பாட்டில்கள் தூசி பிடித்து நிற்கும். நாங்கள் பார்த்துப் பார்த்து, அவற்றை அலமாரியின் ஒரு பாகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பாட்டில் என்றதும் இன்னொன்று. சோடா வியாபாரத்தில் சோடா ஒரு பொருட்டே இல்லை, பாட்டில்தான் சொத்து. சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். உள்ளே இருக்கும் சரக்கைவிடப் பல மடங்கு விலை. ஆகவே ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. நிறைந்த பாட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அவர் பேரில் பற்று. காலி பாட்டில்களைக் கிடங்கில் கொண்டுவந்து ஒப்படைத்தால் வரவு. உடைந்தால் பாட்டிலின் கழுத்துத் துண்டைக் காட்ட வேண்டும்.

வண்டிக்காரர்களில் முனுசாமி எங்களுக்கு நெருக்கம். ஒற்றை மாட்டு வண்டி, மயிலாப்பூர் மந்தவெளி லைன். மத்தியானம் எங்கள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்து, கட்டை விரலால் கோலியை ஒரு குத்துக் குத்தி டபுள் என்ட்ரியிடம் நீட்டுவான். அவர் காசைக் கொடுத்து, தமக்குத் தாமே வவுச்சர் எழுதிக்கொண்டு, அதன்பிறகுதான் குடிப்பார். அதற்குள் பாதி காஸ் போயிருக்கும்.

"இன்னா சார் நீ, காஸ் பூட்ச்சுன்னா அப்பால வெறும் தண்ணிதான் கீது. மொதல்ல குடி, அப்பால எய்தேன்" என்பான் முனுசாமி.

"குடிச்சப்புறம் எழுதினா, எழுதாமப் போக வழி இருக்குப்பா."

அந்த வருஷம் மாம்பலம் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. பனகல் பார்க்கைச் சுற்றிப் புதுப் புது வீடுகள், புதுத் தாகங்கள். அங்கே ஒரு டிப்போ திறந்து அதை முனுசாமி பொறுப்பில் விடுவதாக ரஹீம் பாய் சொல்லியிருந்தார். மந்தவெளி முழுவதும் அவன் அந்தச் சேதியைச் சொல்லி முடித்தாகிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு ஓர் அறையும், மாடு கட்ட ஒரு இடமும் பார்த்துவிட்டான். மாட்டுக்குக் கொம்பில் புது வர்ணம் அடித்தான். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் அவன் ஒரே நாளில் விற்ற சோடாவைப் பார்த்து, பாய் தாமே எழுந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உற்சவம் முடிந்து, பங்குனிக் கடைசியில் டபுள் என்ட்ரி வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்தார். மற்ற வண்டிக்காரர்கள் பக்கமெல்லாம் பிசிறில்லாமல் நேராகிவிட்டது. முனுசாமி பக்கத்தில் நாலு டஜன் பாட்டில் இடித்தது. வாங்கியிருக்கிறான், திருப்பவில்லை. உடைந்ததற்கும் அடையாளம் இல்லை.

டபுள் என்ட்ரி கூட்டலைப் பார்த்தார். ஜர்னலிலிருந்து பேரேட்டில் ஏற்றியதைச் சரிபார்த்தார். வேறு ஆள் பக்கத்தில் தவறி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். கிடங்குக்குப் போய் பாட்டில்களைத் தாமே எண்ணினார். "ஆபீசிலேயும் ஒரு பார்வை பார்க்கலாமே" என்று ஏதோ நினைவில் நான் சொன்னதற்கு, "பாட்டில் இருக்கிற இடம் கிடங்கு. ஆபீஸ் கிடங்கு இல்லீங்க" என்று என்னை அடக்கிவிட்டார். நானும் அந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

விஷயம் பாய் காதுக்குப் போயிற்று. அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து ஒக்காருவோம். ஒரு வருஷ வவுச்சரும் பார்த்துடலாம். கணக்கு நிஜம்னா முனுசாமி நம்ம கம்பெனியிலே இல்லை. மாம்பலமும் இல்லை" என்றார்.

அந்த வாரம் ஆபீசில் நிற்கவே பிடிக்கவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் முனுசாமியிடம் பீடி வாங்குவதை நிறுத்தினார்கள். அவன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவான், சோடாவைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பான், காசை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவான். ஒரே ஒரு நாள் மட்டும் வாசல்படியில் நின்றான்.

"சார், நான் எட்கலே. ஒம் பொஸ்தகம் இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது. எட்கலே சார்."

டபுள் என்ட்ரி பேரேட்டில் அவன் பக்கத்தை மறுபடி புரட்டினார். அவன் போனபிறகு என்னிடம் சொன்னார்: "கணக்கும் சரியா இருக்கு. முனுசாமியும் சரியான ஆளு. ரெண்டும் சேர்ந்து எப்படிங்க சரியா இருக்க முடியும்?" மரியம்மாள் இரண்டு முறை மீன் வைத்தும் தொடவில்லையாம். எனக்கு அப்போது அவர் மேல் பரிதாபமும் எரிச்சலும் கலந்து வந்தது. ஒரு மனிதனைத் தெரியும் என்றால் அவன் பேரில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. நான் கணக்கர் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். முனுசாமி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலமாரி ஓரமாக நின்றான். டபுள் என்ட்ரி வருஷத்தின் முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் கட்டை எடுக்க, அதன் மேல் நின்ற பாட்டிலைத் தூக்கி, வைக்க இடம் பார்த்தார்.

"இதைப் பிடிப்பா" என்று முனுசாமியிடம் கொடுத்தார்.

முனுசாமி வாங்கினான். கையில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு மாதிரி இருந்ததால், பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியின் ஓர் அறையில் செருகினான். டபுள் என்ட்ரி வவுச்சர்களைப் பிரித்துப் படித்தார்.

"முனுசாமி, போன பாட்டில் இவ்வளவு, வந்த பாட்டில் இவ்வளவு. ஒரு பாட்டில் வரலை."

அடுத்த கட்டு. "இதைப் பிடிப்பா." இன்னொரு பாட்டில் பெட்டிக்குள் போனது. "இந்த வாரமும் ஒரு பாட்டில் வரலை."

அடுத்த கட்டு. "பிடிப்பா. இதுலேயும் ஒரு பாட்டில் வரலை."

இப்படியே போயிற்று. டபுள் என்ட்ரி ஒரு சாமியாரைப் போலத் தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பாட்டில் வரவில்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துக்கொண்டே, வாரத்துக்கு ஒரு பாட்டிலாக முனுசாமி கையில் கொடுத்துக்கொண்டேயிருந்தார். முதல் பெட்டி நிறைந்தது. முனுசாமி காலால் இரண்டாவது பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் பாட்டிலைப் பார்த்தான், அப்புறம் பெட்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். பாய், தாடியைத் தடவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

நடப்பதை நடுவில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

கடைசிக் கட்டு. "பிடிப்பா. இதுலேயும் ஒண்ணு வரலை. ஆகமொத்தம், லீவு விட்ட வாரங்கள் போக, நாலு டஜன், பாய். கணக்குல ஒரு தப்பும் இல்லை." சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார்" என்றான் முனுசாமி மெதுவாக. "கோச்சுக்காத. ரெண்டு பொட்டி ரொம்பிட்ச்சு. ஒரு பொட்டிக்கு ரெண்டு டஜன்தானே கணக்கு?"

டபுள் என்ட்ரி திரும்பிப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். காலியான அலமாரியைப் பார்த்தார். மறுபடி பெட்டிகளைப் பார்த்தார்.

"சனிக்கெயமன்னா சோடா குடிச்சுட்டு, 'பாட்டில் இருக்கட்டும்பா, காயிதம் பறந்துடும், நாளைக்கு வாங்கிக்கோ'ன்னுவ சார். மறுநாளு நாயித்துக்கெயம. திங்கக்கெயம நீயும் மறந்துடுவ, நானும் மறந்துடுவேன். சாருக்குத் தெரியாத பாட்டிலா, அல்லாம் எய்திகினு இருப்பாருன்னு இருந்துட்டேன்."

"நான் சோடா குடிச்சதைத்தான் எழுதினேன்" என்றார் டபுள் என்ட்ரி.

அவ்வளவுதான், ரஹீம் பாய் வெடித்துவிட்டார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. காஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்கட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். "யா அல்லா! திருட்டுச் சொத்தைத் தலையிலேயே வெச்சுகிட்டு சாட்சி சொல்லியிருக்கு அந்த வவுச்சர்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனுசாமி சிரித்தான். நான் மேஜைக்குக் கீழே ஏதோ விழுந்ததுபோல் குனிந்துகொண்டேன்.

டபுள் என்ட்ரி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு காதிலிருந்தும் பேனாக்களை எடுத்து மேஜையில் வைத்தார். அப்புறம் கறுப்பு மைப் பேனாவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஜர்னலைத் திறந்தார். எழுதியதை அடிக்காமல், சுரண்டாமல், அடுத்த வரியில் நேர்செய்து எழுதுவதுதான் அவர் வழக்கம். முனுசாமி பேரில் வரவு, கணக்கர் பேரில் பற்று, நாலு டஜன். அதற்குக் கீழே விவரத்தில், "முனுசாமி கொடுத்தது, நான் வாங்கினது, வாங்கினதை எழுதாதது என் தப்பு" என்று எழுதி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அடுத்தபடியாக அந்தப் பெட்டிகளைக் கிடங்குக்கு அனுப்பி, தம் பேரில் வரவு வைத்துக்கொண்டார். பாட்டில் விவகாரம் கணக்குப்படி அத்தோடு தீர்ந்தது.

ஆனால் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வரியில் தேதியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இன்னா சார்?" என்றார் பாய்.

"பாட்டில் சரியாப் போச்சு பாய். இந்த வாரம் பூரா இவன் தலை குனிஞ்சுகிட்டு நின்னான். அந்த அவமானத்தைக் கொடுத்தவன் நான், வாங்கினவன் இவன். ரெண்டு பக்கமும் இருக்கு. தொகை என்ன போடறதுன்னுதான் தெரியலை."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாடியைத் தடவினார். முனுசாமிதான் வாசலுக்குப் போய் வண்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்துவந்தான். கோலியைக் குத்தினான். அவர் முன்னால் நீட்டினான்.

"ஒரு சோடா குடி சார். அல்லாம் சரியாப் பூடும்."

டபுள் என்ட்ரியின் கை, பழக்கப்படி, காசுக்காகக் கோட்டுப் பையை நோக்கிப் போயிற்று.

"துட்டு வேணாம் சார். எய்தவும் வேணாம். இது நம்ம கணக்கு."

அந்தக் கை பாதி வழியில் நின்றது. நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காசு கொடுக்காமல், வவுச்சர் எழுதாமல், டபுள் என்ட்ரி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்து யாரும் பார்த்ததில்லை. கை மெல்லத் திரும்பி வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டது. ஒரே மூச்சில் குடித்தார். அத்தனை காஸோடு ஒரு சோடாவை அவர் குடித்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. மூக்கில் ஏறி, இருமி, கண்ணெல்லாம் தண்ணீர். காஸினால் வந்த தண்ணீர் என்று அவரே சொன்னார், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இருமல் நின்றதும் முதல் காரியமாக பாட்டிலை இரண்டு கையாலும் முனுசாமியிடம் நீட்டினார். "பிடி, பிடி! இப்பவே பிடி. நாளைக்குன்னு சொன்னா கேட்காதே!"

தேதி மட்டும் போட்ட அந்த வரியில் கடைசிவரை அவர் ஒன்றும் எழுதவில்லை. ஜர்னலில் காலி வரி விட்டவனைத் தூக்கில் போட வேண்டும் என்பவர்.

சித்திரையில் மாம்பலம் டிப்போ திறந்தார்கள். முனுசாமி போகுமுன் ஒரு கோணிப்பையைத் தூக்கிவந்து எங்கள் ஆபீஸ் தரையில் கொட்டினான். பல்லாவரம் கல்லுடைக்கிற இடத்திலிருந்து பொறுக்கி, கழுவிக் கொண்டுவந்த கருங்கல் துண்டுகள். "வாரத்துக்கு ஒண்ணு வெச்சுக்க சார். இத்த எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்" என்றான். டபுள் என்ட்ரி ஒவ்வொரு கல்லாக எடுத்து கனம் பார்த்து அலமாரியில் அடுக்கினார். வாசல்வரை போய் வண்டியை வழியனுப்பினார். மாடு சந்து முனை திரும்பும்வரை நின்றிருந்தார்.

அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து எனக்கு ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை கிடைத்தது. கடைசி நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டேன். டபுள் என்ட்ரி பேரேட்டில் என் பக்கத்தைத் திருப்பினார். முன்பணம், மழைக்கு வாங்கிப்போன கம்பெனிக் குடை, உடைத்த மைக்கூடு, ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒண்ணும் நிக்கலீங்க. சுத்தம்" என்றார். வலது காதிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகக் கோடு இழுத்தார். கணக்கு முடிந்தது என்று அர்த்தம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு அவர் செய்த ஒரே கணக்குத் தப்பு அந்தச் சிவப்புக் கோடுதான். என் பேரில் இன்னும் எவ்வளவோ நிற்கிறது.